முப்பது இடங்கள்

நகராட்சியின் பழைய பிறப்பு இறப்புக் கோப்பில் விவரங்களைப் பிரித்தது வெறும் கமாதான். மெர்லின் எழுதிய கணினி நிரல் அதைச் சம அகலப் பத்திகளாக மாற்றியது. பெயருக்கு முப்பது இடம். குறைந்தால் மீதியை வெற்றிடத்தால் நிரப்பும். திரையில் எல்லாப் பெயர்களும் நூல் பிடித்ததுபோல் நின்றன.

ஒரு வரியில் பெற்றோர் பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் இல்லை. பிறந்ததும் இறந்ததும் ஒரே நாள்.

“பழைய கோப்புல பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அந்த வரி. காலிதானே மேடம், தூக்கிடவா?” என்றான் உடன் வேலைபார்க்கும் சாதிக்.

மெர்லின் அம்புக்குறி விசையைத் தட்டினாள். கர்சர் அந்த வெறுமைக்குள் ஒவ்வோர் இடமாக நகர்ந்தது. சாதிக் எண்ண ஆரம்பித்தான்.

“முழுசா முப்பது இருக்கு மேடம்.”

அவன் குரல், குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோலத் தணிந்திருந்தது.