பதினெட்டரை கிலோமீட்டர்

எட்டு வருஷமாக என் அலுவலகத்திலிருந்து வீட்டு வாசலுக்குச் சரியாகப் பதினெட்டு கிலோமீட்டர். டயர் கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு சக்கரங்களுக்கும் ஒரு சைஸ் சின்ன டயராக மாட்டிவிட்ட நாளிலிருந்து மீட்டர் பதினெட்டரை காட்டுகிறது. தினமும் வீட்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்து சேர்கிறேன். “வித்தியாசமே தெரியாது சார்” என்றார் பெரிய மனுஷன்!

இன்று சாயங்காலம் கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். “என் பழைய டயரையே திருப்பி மாட்டுங்க!”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “என்ன சார், விளையாடுறீங்களா? இப்பதானே சண்டை போட்டு மாட்டிக்கிட்டுப் போனீங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல.”

புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதே சின்ன டயர்களில் வீட்டுக்கு வந்தேன்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே என் வண்டி நின்றது. அதே நம்பர். பின் கண்ணாடியில் மகள் ஒட்டிய அதே நட்சத்திரம். நான்கும் என் பழைய டயர்கள். முன் டயரில் நடைபாதைக் கல் கிழித்த தழும்புகூட இருந்தது.

ஹாரனை விடாமல் அடித்தேன். வீட்டுக்குள் யாரோ டயர் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. என் குரல். கடையில் நான் கத்திய அதே வார்த்தைகள்.

என் மனைவி கேட்டருகே வந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“சார், அவர் இன்னைக்கு ரொம்பக் கோபமா இருக்கார்,” என்றாள். “நாளைக்கு வாங்களேன்.”