ஒரே குடைக்குள்

‘பளார்’ என்று ஓர் அறை. தொடர்ந்து ஒரு பெண் அழும் குரல். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

“நமக்கெதுக்குங்க வம்பு? பக்கத்து ஃப்ளாட்டுக்கு அவங்க குடிவந்தே ஒரு வாரம் ஆகல” என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

“கட்டின பொண்டாட்டிய கை நீட்டி அடிக்கிறான். கேட்டுட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?”

மாடியில் இருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவை இடித்தார். “வெளிய வாய்யா!” என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்களும் ஏறி வந்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தில் ஹெட்போன், கையில் நனைந்த தோல் பை. பின்னால் மேசையில் மைக்கும், ஒரு கூடை கேரட்டும், பழைய செருப்புகளும் இருந்தன.

“ரொம்பத் தொந்தரவாயிடுச்சா சார்? சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிறதுதான் நம்ம தொழில். இப்ப ஒரு அடிதடிப் படம். கொலை, கடத்தல், நடுவுல காதல், எல்லாம் உண்டு.”

தோல் பையை மேசையில் அடித்தார். பளார்! கேரட்டை முறித்து, “இது வில்லனோட கை” என்றார். தன் புறங்கைக்கே ஒரு முத்தம் கொடுத்துக்காட்ட, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அழுகைக்கு மட்டும் வெளியாள் கிடையாது. எல்லாம் நம்ம வீட்டம்மாதான்!”

அவர் மனைவி ஓரமாக நின்றிருந்தாள். கண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை. “என்னமா அழுறாங்க!” என்று யாரோ பாராட்டவும் செய்தார்கள்.

வாத்தியாருக்கு மானம் போயிற்று. ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல், அங்கே ஓடிக்கொண்டிருந்த திரையையே பார்த்தார். ஒரே குடைக்குள் ஒரு காதல் ஜோடி ஐஸ்கிரீம் சாப்பிட்டது. முடிந்ததும் அதே காட்சி மறுபடி ஆரம்பித்தது.

“ஒரு சீனை எடுத்தா, அதுக்குச் சத்தம் சேர்த்து முடிக்கிற வரைக்கும் அதையேதான் சார் ஓட்டுவோம்” என்று விளக்கினார் பக்கத்து வீட்டுக்காரர்.

“மன்னிச்சிடும்மா” என்றார் வாத்தியார் அந்தப் பெண்ணிடம். “இனிமே என்ன சத்தம் கேட்டாலும் இந்தக் கதவைத் தட்ட மாட்டேன்.”

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “ஒரு நல்ல மனுஷனைப் போய் ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்திட்டேன். இனி எந்த முகத்தோட மாடிப்படி ஏறுவேன்?”

சுவருக்கு அப்பால் மறுபடி ‘பளார்’. மறுபடி அழுகை. வெட்கம் பிடுங்கித் தின்ன, வாத்தியார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “போகட்டும் விடுங்க. அப்படி எந்த சீனுக்குத்தான் இந்த அடி அடிக்கிறாங்களாம்?”

“பொண்ணும் பையனும் ஒரே குடைக்குள்ள ஐஸ்கிரீம் சாப்பிடுறாங்க. அது ஒண்ணுதான் திரும்பத் திரும்ப ஓடுச்சு.”

மடித்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலேயே நின்றது. எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

“அப்ப அடி வாங்குறது யாருங்க?”