முப்பத்திரண்டாவது வீடு

ஊராட்சித் தலைவராகப் பதவியேற்ற மறுநாள் அத்தாயி அந்த வீட்டு வாசலில் நின்றாள். கள்ளத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மூன்று வருடமாகத் தலைச்சோலையில் வீடு வீடாக நடந்தவள். முப்பத்தோரு வீடுகள் கொடுத்துவிட்டன. இது மட்டும் பாக்கி.

சின்னராஜ் கதவைத் திறந்தார்.

"வாங்க தலைவரே. ஓட்டுப் போட்டேனே, அது பத்தாதுங்களா?"

"துப்பாக்கியக் குடுங்க. கோயில் முன்னால வெச்சுட்டாப் போதும், கேசு இல்லைன்னு போலீசே சொல்லிருச்சு."

"காப்பிக்காட்டுல பன்னி எறங்குனா நீங்க வந்து வெரட்டுவீங்களா?"

"தகரம் தட்டிக்கிட்டு நானும் வர்றனுங்க. போன வருசம் துப்பாக்கி வெடிச்சு அடுத்த ஊட்டுப் பாப்பாவுக்குக் கண்ணு போச்சே, மறந்துட்டீங்களா?"

சின்னராஜ் உள்ளே போனார். சாக்கில் சுற்றியிருந்த துப்பாக்கியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

கூட வந்து தெருவில் நின்ற பெண்களிடம் அதைக் கோயிலுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அத்தாயி செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

சின்னராஜ் அவள் தட்டில் சூடான களியை வைத்தார்.

"கட்டுன புருசங்கிட்டக் கேக்க வாசல்ல நிக்கோணுமா அத்தாயி?"

"மூணு வருசமா அடுப்படியில இருந்துதானுங்க கேட்டேன். குடுத்தீங்களா?"