ஆகாத ஆள்

“இதுக்குப் பேரு நர்ஸா? என்னை எழுப்பி உட்கார வைக்கச் சொன்னா, தான் உட்கார்ந்து தூங்குது! மரியாதையா ஆளை மாத்துங்க!”

நர்ஸை அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டு, பழைய இரும்புக்காரர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததே தவிர, தொண்டைக்கு ஒரு கீறலும் இல்லை.

குளித்துக்கொண்டிருந்த மகன் ஈரத் தலையோடு ஓடி வந்தான். ஹோம் நர்ஸ் அக்கா அவர் முதுகைத் துடைத்துவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். தூங்கி எழுந்த முகமாகத் தெரியவில்லை.

“அப்பா! அக்கா வந்ததிலேருந்து உட்காரவே இல்லை. எப்போ தூங்கினாங்க?”

“படுத்துக் கிடக்கிறவன் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? போய்த் தலையைத் துவட்டுடா.”

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. கழுவ வேண்டிய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகனுக்கு மானம் போயிற்று. இது முதல் புகாரும் இல்லை. போன வாரம், அவள் வைக்கிற சூப், பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறதாம். அதற்கு முன்னால், எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறாளாம்.

“மனசாட்சியோட பேசுங்கப்பா. அவங்க வந்தப்போ உங்களால புரண்டு படுக்க முடியாது. இப்போ வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் போறீங்க.”

“அந்த பில்லை எடு. படி.”

“அதை எதுக்கு இப்போ?”

“படிடா! சேவைக் கட்டணம். சரி. பதிவுக் கட்டணம். போகட்டும். மேற்பார்வைக் கட்டணமாம்! எவன் வந்து மேற்பார்வை பார்த்தான்? மேல சுத்துதே ஃபேன், அதுவா?”

“கம்பெனி பில் போட்டா அக்கா என்ன பண்ணுவாங்க? நாம குடுக்கிறதுல பாதிகூட அவங்க கைக்குப் போகாது. அதுல ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறாங்க. இந்த வேலையும் போனா நடுத்தெருதான்.”

“அது என் கவலை இல்லை.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் பழைய இரும்புக்காரர். துருப்பிடித்த ஆணிக்கும் பேரம் பேசியே முன்னுக்கு வந்த மனிதர். தராசைப் பார்த்தே காலத்தை ஓட்டியவருக்கு மனுஷியின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டான் மகன்.

சாயங்காலம் கம்பெனி மேனேஜரே நேரில் வந்துவிட்டார்.

“வாங்க வாங்க. இதுதான் அந்த மேற்பார்வையா?” என்று வரவேற்றார் பெரியவர்.

மேனேஜர் அசடு வழியச் சிரித்தார். “சார், எங்களுக்குப் பேருதான் முக்கியம். இந்தம்மாவை இன்னையோட வேலையை விட்டே நிறுத்திட்டேன். நாளைக்கு வேற ஆள் அனுப்பறேன்.”

“ஐயோ, வேண்டாம் சார்! அவங்க மேல ஒரு தப்பும் இல்லை” என்று குறுக்கே பாய்ந்தான் மகன்.

“நீ சும்மா இருடா. ஏன் சார், நிறுத்திட்டேன்னு வாயால சொல்லிட்டு, நாளைக்கே வேற வீட்டுக்கு அனுப்பி இன்னொருத்தன் தலையில கட்டவா?”

“சேச்சே! மொத்தமா வெட்டி விட்டாச்சு சார். இதோ அந்தம்மாவோட சர்டிஃபிகேட். கையோட கொண்டுவந்துட்டேன்.” மேனேஜர் அதை அக்காவிடம் நீட்டினார். “தானா வேலையை விட்டா இது கம்பெனி பீரோவிலேயே கிடக்கும். ரெண்டு வருஷம் வேற எங்கேயும் இந்த வேலைக்குப் போக முடியாது. நாங்களே அனுப்பிட்டா ஒரு கட்டுப்பாடும் கிடையாது. யார் வேணா வேலைக்கு வச்சுக்கலாம். ஆனா இவ்வளவு புகாருக்கு அப்புறம் யார் வைப்பாங்க, சொல்லுங்க!”

“அதானே!” என்றார் பெரியவர். “சரி, எனக்கு உங்க புது ஆளும் வேண்டாம், பழைய ஆளும் வேண்டாம். இன்னையோட கணக்கை முடிங்க. என் மகன் பார்த்துக்குவான்.”

மேனேஜர் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொல்லிப் பார்த்தார். பெரியவர் மசியவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார் மேனேஜர்.

அக்கா கைக்குட்டையால் முகத்தைப் பொத்தியபடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதை வச்சுக்கங்க. எங்கப்பாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது.”

அக்கா தெருவை எட்டிப் பார்த்தாள். கார் திரும்பிப் போயிருந்தது. கைக்குட்டையை எடுத்தாள். அடக்கி அடக்கிச் சிரித்ததில் கண்ணெல்லாம் தண்ணீர்.

“காசை உள்ள வைங்க தம்பி. நாளைக்குக் காலையில எப்பவும் போல வந்துடுவேன். கம்பெனிக்குக் குடுத்த முழுப் பணமும் இனிமே எனக்கே தர்றதா ஐயா சொல்லிட்டார்.”

“அப்போ… அந்தப் புகாரெல்லாம்?”

“எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். ‘உன்னைப் போய் எப்படிம்மா குறை சொல்றது, எனக்கு வாயே வரலை’ன்னு சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிச்சாரு. முதல் போனைப் போட வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு!”