பூசாமல் விட்ட முழம்

எருசலேமில் இடிந்த ஆலயத்தின் துக்கம் மறவாதிருக்க, யூதர் தம் வீட்டு வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரத்தைப் பூசாமல் விடுவர். கொச்சியில் சிப்போராவின் வீட்டிலும் அப்படியொரு வெறுங்கல் இருந்தது. முன்னோர் தலைமுறை தலைமுறையாக வேண்டியபடியே, இப்போது அவளும் கணவன் எலியாவும் எருசலேமில் குடியேறிவிட்டார்கள். புதுவீட்டுச் சுவரை எலியாவு தானே பூசினான். கடைசி முழம் எஞ்சியபோது அவள் சாந்துச்சட்டியின்மேல் கைவைத்தாள்.

"இத விட்டுடுங்க."

"எதுக்குடி? அங்க இருந்தவரைக்கும் அழுதோம், சரி. இப்பத்தான் ஊருக்கே வந்தாச்சே."

"ஆலயம் இன்னும் எழும்பலையே."

"ஓகோ. தூக்கத்துல கொச்சி மீன்காரிகிட்ட பேரம் பேசுறியே, அதுவும் ஆலயத்துக்காகவா?"

சிப்போரா சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. சாந்து இறுகத் தொடங்கியது. எலியாவு கரணையைக் கழுவி வைத்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் புதுமனை வழக்கப்படி ரொட்டியும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். வெறுங்கல்லைக் கண்டதும் மெச்சினார்.

"ஆலயத்த மறக்காத வீடு."

சிப்போரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஆமாங்க, இவ அதுல ரொம்பக் கண்டிப்பு" என்றான் எலியாவு, அவள் பக்கம் திரும்பாமல்.