ஆறாம் நம்பர் மெஷின்

"ஆறாம் நம்பர்க்காரன் இன்னைக்கும் மெஷின்ல கை வைக்கல, ரமணி. நாற்காலியைத் தேய்க்கத்தான் சம்பளம் வாங்குறான் போல."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான் தேவதாஸ்.

அது எண்பத்தொன்பதாம் வருசம். தோட்டக் கம்பெனியின் கோலசிலாங்கூர் கிளையில் இருந்ததே இரண்டு கம்ப்யூட்டர். மாதக் கடைசி என்பதால் இரண்டும் சம்பளக் கணக்கில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து மேலிடத்து உத்தரவு: ஆத்துமேட்டுத் தோட்டத்து எண்ணெய்ச் செம்பனை மரங்கள் இன்னும் எத்தனை வருசத்துக்குக் காய்க்கும் என்று திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் கணக்குப் போட்டுத் தர வேண்டும்.

இன்னும் நெடுநாள் காய்க்கும் என்று தேவதாஸுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த தோட்டம். ஆனால் கூட்டத்தில் கணக்கு மட்டும்தான் பேசும். கணக்கு வரவில்லையென்றால் வீடு கட்டுகிற கம்பெனிக்கு நிலம் கைமாறிவிடும். அவனுடைய அக்கா அமராவதி உட்பட லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனம் மொத்தமும் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான்.

அதனால் ஒரு வாரத்துக்கு மட்டும், கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் ஆறை டெலிபோன் லைன் வழியாகத் தன் வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தவங்க மெஷின்ல நம்ம வேலை எப்படிண்ணே ஓடும்?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள் ரமணி. வேலைக்குப் புதுசு.

"பழம் கூடுற மாசத்துல பக்கத்துத் தோட்டத்து ஆளை லோரியில ஏத்திட்டு வர்றோம்ல. அதே கதைதான். வேலை முடிஞ்சா அவங்கவங்க ஊரு. ஆனா ஒண்ணு. மெஷின்காரர் வந்து கீபோர்ட்ல விரல் வச்சாப் போதும், நம்ம வேலை எழுந்திரிச்சிப் போயிடணும். அப்புறம் வேற இடத்துல முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அப்படித்தான் நடந்தது. ஒருவர் கடிதம் அடிக்க வருவார், வேலை தெருவில் நிற்கும். இன்னொருவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார், மறுபடி தெரு. சாயங்காலமானால் எல்லோரும் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆறாம் நம்பர் மட்டும் செவ்வாய்க்கிழமை பிடித்த வேலையை இன்னும் விடவில்லை. இரவிலும் ஓடியது. சனிக்கிழமை மதியத்துக்குள் கணக்கு முழுசாக வந்துவிடும்.

"வீட்டுக்குப் போறப்ப சுவிட்சை அணைக்கக்கூட சோம்பேறித்தனம், பாரேன்."

"நமக்கு நல்லதுதானேண்ணே?"

"நமக்கு நல்லதுதான் லா. அதுக்காக அநியாயத்தை நியாயம்னு சொல்ல முடியுமா? கோலாலம்பூருக்கு மாற்றல் வேணும்னு ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். இடமில்லைன்னுட்டாங்க. இடத்தை யாரு அடைச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு இப்பத்தானே தெரியுது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைமை அலுவலகத்து மேலாளர் கார்த்திகேசு வேறு எதற்கோ போன் செய்தார். பேச்சோடு பேச்சாக விசாரித்தார்.

"எங்க மெஷினெல்லாம் உங்களுக்கு ஒத்தாசையா இருக்கா, தேவதாஸ்?"

"ஆறாம் நம்பர்தான் சார் ரொம்ப ஒத்தாசை. அதை அங்க யாருமே தொடுறதில்லை போல. இந்த வாரம் பூரா ஒரு எழுத்துக்கூட அடிக்கல."

"ஓகோ" என்றார் கார்த்திகேசு.

போனை வைத்தபோது தேவதாஸுக்கு நெஞ்சு கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது. ரமணி அவனைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அவன் வந்து உட்கார்ந்தபோது திரையில் ஆறாம் நம்பரைக் காணோம். கணக்கு அறுந்து, முதலிலிருந்து தொடங்குவதற்காக வரிசையில் நின்றது. இனி எந்த மெஷினில் ஏற்றினாலும் திங்கட்கிழமைக்குள் முடியாது.

"வாரம் பூரா தூங்குனவனுக்கு இன்னைக்குத்தானா கை அரிக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலைமை அலுவலகத்து டெலிபோன் எண்களைச் சுழற்றினான்.

"ஆறாம் நம்பர் மெஷின் உங்களுதா?"

"நேத்து வரைக்கும் என்னுதுதாண்ணே. சேது பேசுறேன். நீங்க கோலசிலாங்கூர்தானே? நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

"எதுக்கு அதைத் தொட்டீங்க?"

"நான் தொடலண்ணே. காலையில ரெண்டு பேரு வந்து வயரைப் புடுங்கித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் மெஷினைப் பயன்படுத்துறதே இல்லையாம். என்னையும் திங்கட்கிழமையிலேருந்து ஸ்டோருக்குப் போகச் சொல்லிட்டாங்க."

தேவதாஸின் குரல் இறங்கியது.

"நீங்க... வாரம் பூரா ஒண்ணும் அடிக்கலையே."

"செவ்வாய்க்கிழமை அடிக்கலாம்னுதாண்ணே உட்கார்ந்தேன். ஆத்துமேட்டுத் தோட்டத்துக் கணக்கு ஓடுது, தொட்டா நின்னுடும்னு திரையில போட்டிருந்துச்சு. பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்களைப் பாதியில எழுப்ப மனசு வருமா? என் வேலையெல்லாம் மூலையில கிடந்த பழைய டைப்ரைட்டர்லதான் முடிச்சேன். சுவிட்சையும் அணைக்காமப் போவேன். அதுக்கு ஜாகாகிட்ட தினம் ஏச்சு."

காவல்காரனின் ஏச்சைச் சொல்லும்போது சேது சிரித்தான்.

"எவனோ இங்க போட்டுக் கொடுத்திருக்கான், போகட்டும்" என்றான் சேது. "நல்லவேளைண்ணே, உங்க கணக்கு முடிஞ்சப்புறந்தானே எடுத்திருக்காங்க?"