கொக்குக் காலில் கல்

கோட்டுப் பைக்குள் கல்லோடுதான் யோஸ்ட் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குள் நுழைந்தான். நாலே எட்டு தூரத்தில், மேடையோர மூப்பர் பெஞ்சில், அவனுடைய மாமனார் மரீனஸின் வழுக்கைத் தலை மினுமினுத்தது.

"உங்கப்பா என்னையே முறைக்கிறார்," என்றான் மனைவியிடம்.

"பின்னே? போன வாரம் நீ விட்ட குறட்டையில ஆர்கன்காரரே சுதி தப்பிட்டார்," என்றாள் யன்னா.

பின்வரிசையிலிருந்து துறைமுகத்துத் தோழன் டீர்க் கழுத்தை நீட்டினான். "மச்சான், ரெண்டாவது சங்கீதத்துக்குள்ள நீ சாஞ்சிடுவேன்னு ஒரு பெப்பர்மின்ட் பந்தயம் கட்டியிருக்கேன். கவுத்திடாதே!"

யோஸ்ட் சிரிக்கவில்லை. கல்லை வெளியே எடுத்து வலது கைக்குள் பொத்திக்கொண்டான்.

மரீனஸ் ஞாயிறு மட்டும்தான் சபை மூப்பர். மற்ற ஆறு நாளும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி. யோஸ்ட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. அப்பா படுக்கிற நேரம் பார்த்துத்தான் அதற்குத் தொண்டை திறக்கும். ஆனாலும் கிரேன் மேலே அவன் ஒருநாளும் கண்ணயர்ந்ததில்லை. போதகர் "அன்பானவர்களே" என்றால்தான் இமை சொக்கும்.

டச்சுக்காரர்கள் சிக்கனமானவர்கள். கிரேனுக்கு அவர்கள் மொழியில் 'கிரான்' என்று பேர். கொக்கும் கிரான்தான். தண்ணீர்க் குழாயும் கிரான். ஆள் சூரனாக இருந்தால் அவனும் ஒரு கிரான். ஒற்றைச் சொல்லை வைத்தே குடித்தனத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

போன ஞாயிறு மாமனார் அதிலும் சிக்கனம் பிடித்தார். "ரெண்டு காலும் தரையில இருக்கும்போதே கடவுள் முன்னாடி தூங்குறவன், நாப்பது மீட்டர் உசரத்துல என்ன செய்வான்? நீ பெரிய கிரான்னு நம்பித்தான் கிரானையும் குடுத்தேன், பொண்ணையும் குடுத்தேன். இன்னொரு தடவை கண்ணை மூடு, கப்பலுக்குத் தண்ணி ரொப்புற குழாயடிக்கு அனுப்புறேன். அதுவும் கிரான்தான் மாப்ளே. பேரு மாறாது."

துறைமுக வாசல் பலகையில் ஒரு கொக்கு உண்டு. ஒற்றைக் காலில் நின்று, தூக்கிய காலில் கல்லைப் பிடித்திருக்கும். காவல் கொக்கு கண்ணயர்ந்தால் கல் விழும், விழுந்த சத்தத்தில் விழித்துக்கொள்ளும் என்று பழங்கதை. பத்து வருடம் அதன் கீழே போய்வந்த யோஸ்ட்டுக்கு, அது செய்முறை விளக்கம் என்று நேற்றுதான் உறைத்தது. கரையோரம் எலுமிச்சை அளவில் ஒரு கருங்கல்லைப் பொறுக்கிக்கொண்டான்.

"விழுந்தா சபைக்கே கேக்குமே?" என்றாள் யன்னா.

"விழாது. விழுந்துடுமோங்கிற பயத்துலயே தூக்கம் வராது."

பிரசங்கம் தொடங்கியது. வழக்கப்படி பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருள் கைமாறிக் கைமாறி மூப்பர் பெஞ்சுக்கும் போனது. மரீனஸ் இடது கையால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய வலது கை முழங்கால் மேல் இறுக மூடியிருந்தது. ஆராதனை முடியும்வரை அந்த முஷ்டி திறந்து யாரும் பார்த்ததில்லை. பக்தி என்றார்கள் சபையார். வாதம் என்றாள் யன்னா.

போதகர் முதல் தலைப்பை முடித்தார். யோஸ்ட் தொடையைக் கிள்ளினான், கால் விரல்களை மடக்கினான், ஆர்கன் குழாய்களை எண்ணினான். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினால் இருபத்தொன்பது. கல் கைக்குள் வியர்த்தது.

"இன்னும் ரெண்டு தலைப்பு," என்றாள் யன்னா, விலாவில் இடித்து.

"ரெண்டா?"

"மூணாவதுக்குள்ள நாலு பிரிவு இருக்காம்."

இமைகள் சரக்குப் பெட்டிகளைப் போல இறங்கின. தூக்கிவிட ஒரு கிரேனும் இல்லை. யோஸ்ட் கல்லை இன்னும் இறுக்கினான். விரல்கள் மரத்துப்போயின. போதகரின் குரல் எங்கேயோ கடலுக்கு அப்பால் கேட்டது.

டொக்!

மரத் தரையில் கல் உருளும் சத்தம். யோஸ்ட் துள்ளி எழுந்து கண்ணைத் திறந்தான். திறக்கவேண்டியிருந்தது என்றால், மூடியிருந்தது என்றுதானே அர்த்தம். போதகர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மொத்தச் சபையும் ஒரே திருப்பில் அவனைப் பார்த்தது. பழகிய கழுத்துகள்.

கருங்கல் ஒன்று உருண்டுவந்து அவன் செருப்பருகே நின்றது. அவசரமாக அதன் மேல் காலை வைத்து மறைத்தான்.

"போச்சு," என்றாள் யன்னா பல்லுக்குள்.

"ரெண்டாவது சங்கீதம் வரைக்கும்கூடத் தாங்கலையேடா!" என்றான் டீர்க், குதூகலமாக.

போதகர் தொண்டையைக் கனைத்து, நாலு பிரிவையும் ஒரே 'ஆமென்'னில் சுருட்டிக் கட்டினார். ஆர்கன் முழங்க, எல்லாரும் பாட எழுந்தார்கள். அந்த இரைச்சலுக்குள் மரீனஸ் பெஞ்சை விட்டு இறங்கி நேராக யோஸ்ட்டை நோக்கி வந்தார். தலை உச்சிவரை சிவந்திருந்தது.

"மாமா, நானே சொல்லிடுறேன்," என்றான் யோஸ்ட். "குழந்தை தூங்கவே விடல. அதான் இந்தக் கல்லு. பலகைக் கொக்கைப் பாத்துக் கத்துக்கிட்டேன். என் தப்புதான். நாளைக்கே குழாயடிக்குப் போயிடுறேன்."

கையை விரித்துக் காட்டப்போனான். விரல்கள் விறைத்துக் கிடந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

உள்ளே கல் பத்திரமாக இருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். மரீனஸ் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தார்.

"காலை எடு மாப்ளே, அது என்னோடது."